பாராட்டுக் கடிதம் மட்டும் போதுமா?

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் உள்ள நம் வீடுகள் பலவற்றில் ஒக்ஸ்போர்ட் மாணவர் அகராதியும் ஒரு மூலையில் இருக்கும். அதைத் தொகுத்தவர்களில் முதன்மையானவர் ஏ. எஸ். ஹோர்ன்பி. 1924ஆம் ஆண்டு ஜப்பானுக்குச் சென்று, பல வருடங்கள் அங்கே ஆங்கிலம் கற்பித்தவர் அவர். 1942இல் முதன்முதலாக ஜப்பானில் வெளியான அந்த அகராதி, 1948இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக உலகெங்கும் பரவியது.

அகராதிக்காரராக மட்டுமே நாம் அறிந்த இம்மனிதர் இன்னொரு பணியையும் செய்தார். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்று பிரிட்டிஷ் கவுன்சில் 1946 ஒக்டோபரில் ஒரு சஞ்சிகையை ஆரம்பித்தது. அதன் முதலாவது பத்திராதிபர் ஹோர்ன்பிதான். ‘இங்கிலிஷ் லாங்குவேஜ் ரீச்சிங்’ என்று பிறந்த அச்சஞ்சிகை, 1973இல் பெயரின் இறுதியில் ‘ஜேர்னல்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. 1981இல் ‘ஈ.எல்.ரீ. ஜேர்னல்’ எனச் சுருங்கியது. இன்றும் அது அந்தப் பெயரில்தான் வெளிவருகின்றது.

பெயர் மாறுவதும் அட்டை மாறுவதும் வெளி மாற்றங்களே. அதில் யார் பேசுகிறார்கள், அவர்களுக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதே ஓர் ஆசிரியர் சஞ்சிகையின் உயிர்நாடி என்பேன்.

இதற்கு 1985ஆம் ஆண்டில் அச்சஞ்சிகையில் நடந்த ஒரு விவாதம் நல்ல சான்று. இலக்கண விளக்கத்தைவிடப் பிள்ளைகளைப் பேசவைப்பதே முக்கியம் என்னும் தொடர்பாடல் முறை அப்போது பெரிதும் போற்றப்பட்டு வந்தது. பாடநூல்கள் எழுதிய மைக்கேல் சுவான், அடுத்தடுத்த இரண்டு இதழ்களில் அதைக் கேள்விக்குட்படுத்தினார். கேட்கவும், மறுக்கவும், ஊகிக்கவும் தாய்மொழியில் ஏற்கெனவே தெரிந்த பிள்ளையை ஒன்றுமறியாதவராகக் கருதலாமா, தாய்மொழி அறிவைப் புறக்கணிக்கலாமா என்பது அவர் வாதங்களில் ஒன்று. அதே வருடம் அடுத்த இதழில், அத்துறையின் பேரறிஞர்களுள் ஒருவரான விடோசன் மறுப்பு எழுதினார். சஞ்சிகை இருவருக்கும் இடம் கொடுத்தது. ஒரு கருத்தையும் அதற்கு எதிர்க்கருத்தையும் சேர்த்து வெளியிடும் பகுதியும், முன்னைய கட்டுரைகளுக்கு வாசகர் பதில் எழுதும் பகுதியும் அச்சஞ்சிகையில் இடம்பெற்று வந்துள்ளன.

கொழும்பில் ஒரு நூலகத்தில் அந்தப் பழைய இதழ்களைப் புரட்டியபோது எனக்கு என் வகுப்பறைதான் கண்முன் வந்தது. கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு நீண்ட காலம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். “ஒரு தமிழ்ச் சொல்லும் வாயில் வரக்கூடாது” என்று சேவைக்காலப் பயிற்சிகளில் சொல்வார்கள். அதன்படி நடந்தால் பிள்ளைகள் வாயே திறக்கமாட்டார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் தேநீரோடு முணுமுணுத்த அதே விஷயத்தை, தொலைதூரத்தில் ஒருவர் அச்சில் கேட்டிருந்தார். எங்கள் முணுமுணுப்போ அந்தச் சுவர்களைத் தாண்டவில்லை.

பின்னர் எங்கள் பகுதி ஆசிரியர்கள் சேர்ந்து, ரோனியோவில் ஒரு சிறு இதழ் வெளியிட்டோம். வாசகர் பக்கம் என் பொறுப்பு. “இதழ் மிகச் சிறப்பு”, “மென்மேலும் வளர வாழ்த்துகள்” என்றே கடிதங்கள் வந்தன. மனதுக்கு இதமாக இருந்தாலும், அவற்றை வைத்து அடுத்த இதழில் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியவில்லை. எனவே கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வியைப் போட்டோம்: “சென்ற இதழில் வந்த எந்த முறை உங்கள் வகுப்பில் சரிவரவில்லை? ஏன்?”

மூன்றே கடிதங்கள் வந்தன. இரண்டு பெண்கள் எழுதியவை. இரண்டிலும் பெயர் இல்லை. பிள்ளைகளை இருவர் இருவராகப் பேசவைக்கும்படி நாங்கள் எழுதியிருந்தோம். “என் வகுப்பில் 48 பேர். பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவே அரைச்சுவர்தான். எல்லோரும் பேசினால் அங்கே கணிதம் நடக்காது” என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அதைப் பிரசுரித்தோம். தான் வரிசை வரிசையாக மெல்லிய குரலில் பேசவைப்பதை விளக்கி இன்னோர் ஆசிரியை பதில் அனுப்பினார். எங்கள் இதழில் அதிகம் பேரால் வாசிக்கப்பட்ட பக்கம் அதுதான்.

ஆசிரியத் தொழிலில் பெண்கள் இவ்வளவு பேர் இருந்தும் எழுத முன்வருவோர் ஏன் இத்தனை குறைவு? பாடசாலை விட்டு வந்தால் அடுப்படி, பிள்ளைகள், வயதான உம்மா, வாப்பா. அதற்கு மேல் பயமும் உண்டு. “நீங்க எழுதுங்க ராத்தா. என்ட பேரப் பாத்தா அதிபர் என்ன நினைப்பாரோ!” என்றார் முதலாம் வகுப்புக்கு இருபது வருடம் படிப்பித்த ஒரு சகோதரி. எழுத்தை இடம் வலம் மாற்றி எழுதும் பிள்ளையைத் திருத்த அவரிடம் அருமையான வழிகள் இருந்தன. அவர் ஓய்வுபெற்றபோது அவையும் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டன. அடுத்து வந்த இளம் ஆசிரியை எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே தேட வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் கஷ்டப்பட்டவர்கள் பிள்ளைகள்தாம்.

ஆசிரியச் சகோதரிகளே! கையில் கிடைக்கும் கல்விச் சஞ்சிகை எதுவானாலும் அதற்கு நான்கு வரி எழுதுங்கள். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், என்ன செய்து பார்த்தீர்கள், எங்கே தடைப்பட்டது, இவ்வளவும் போதும். பெயர் வேண்டாமென்றால் அதையும் குறிப்பிடுங்கள். ஆசிரியை ஒருவர் இருக்கும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: கிழமைக்கு ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களை நீங்கள் கழுவுங்கள். அந்த அரை மணி நேரத்தில் ஒரு கடிதம் எழுதிவிடலாம்.