சிறு தீவின் ஓடுபாதையும் நம் அமானிதமும்



வீரகேரளம்புதூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வளைகுடாவில் பணிபுரியும் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் பல. திருவனந்தபுரம் வரை சென்று வழியனுப்புகிறோம். சஃபர் துஆ ஓதுகிறோம். அதற்குப் பின் அந்த விமானத்தின் பாதுகாப்பு யார் யாருடைய கையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மத்ரஸாவில் அமானிதம் குறித்துப் பாடம் நடத்துகையில், இப்போதெல்லாம் இதனையே நாம் எடுத்துக்காட்டாகக் கூறி வருகிறோம்.

இலட்சத்தீவுகளை எடுத்துக்கொள்வோம். மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழும் தீவுகள் 10. அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அனைவருக்கும் விமான நிலையம் அகத்தித் தீவில் உள்ள ஒன்றே. கடல் சூழ்ந்த அதன் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர் நீளமே உடையது. ஆகவே சிறிய விமானங்களே அங்கு இறங்குகின்றன; அவையும் எடையைக் கணக்கிட்டே பறக்க வேண்டும். சுமை கூடினால் மேலெழும்பவும் இறங்கி நிற்கவும் கூடுதல் தூரம் வேண்டும். ஓடுபாதையைத் தாண்டினால் நேர்வது என்ன என்பதை 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் கண்டோம். துபாயிலிருந்து வந்த விமானம் மழையில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்து, 21 உயிர்கள் பிரிந்தன.

அப்படியானால் அகத்தியின் ஓடுபாதையைக் கடலுக்குள் நீட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே பவளப்பாறைகள் உள்ளன. அலையின் வேகத்தைத் தணித்து, கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த அத்தீவைக் காப்பவை அவையே. அவை அழிந்தால் ஓடுபாதைக்கும் காவல் இல்லை. விமானப் பாதுகாப்பையும் சுற்றுச்சூழலையும் தனித்தனியே வைத்து முடிவெடுக்க இயலாது என்பதற்கு இதுவே சான்று.

அட்லாண்டிக் கடலில் பிரிட்டனுக்கு உரிய செயின்ட் ஹெலினா தீவிலும் இத்தகைய சோதனை நேர்ந்தது. பெரும் பொருட்செலவில் விமான நிலையம் கட்டினர். 2016இல் திறக்கவிருந்த வேளையில், ஓடுபாதையருகே காற்று திடீரெனத் திசையும் வேகமும் மாறுவது தெரியவந்தது. வழக்கமான பயணிகள் சேவையை 2017 அக்டோபர் வரை நிறுத்தி வைத்தனர். அத்தீவின் மக்கள்தொகை சில ஆயிரமே. ஆயினும் ஆட்கள் குறைவு என்பதற்காக அளவுகோலைத் தளர்த்தவில்லை. அமானிதம் என்பது இதுதான்.

இதில் நமக்கும் பங்குண்டு. நம் நாட்டின் 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 91ஆவது விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் விலங்குகளை அறுப்பதையும், பறவைகளை ஈர்க்கும் கழிவுகளைக் கொட்டுவதையும் தடுக்கிறது. தக்க ஏற்பாடு செய்து எழுத்து மூலம் அனுமதி பெற்றோருக்கே விலக்கு. காரணம் எளிது: கழிவைத் தேடிப் பருந்தும் காகமும் வட்டமிடும்; அவற்றுள் ஒன்று இயந்திரத்தினுள் இழுக்கப்பட்டாலே விமானம் ஆபத்திற்குள்ளாகும்.

நம் ஊரில் விமான நிலையம் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் சென்னையிலும் மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் வாழ்கின்றனர். அவர்களிடம் சொல்லுங்கள்: குர்பானியை அனுமதிக்கப்பட்ட இடத்திலேயே நிறைவேற்றுங்கள், குடலையும் தோலையும் திறந்தவெளியில் வீசாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடம். கழிவை முறையாகப் புதைப்பதும் அந்தக் கயிற்றின் ஒரு முடிச்சே.

பயணம் செய்வோர் அனைவரையும் அல்லாஹ் நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.