ஒரே சஹனில் உண்ண ஒரு ரொட்டி

மார்கழியும் தையும் உதகைக்கு உறைபனி மாதங்கள். இரவில் இறங்கிய பனி, விடியற்காலையில் புல்வெளியெங்கும் உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். கடற்கரை ஊரிலே பிறந்து, தொழிலின் பொருட்டு இம்மலைக்கு வந்தவன் நான். ஆண்டுகள் பல கழிந்தும் என் எலும்புகள் இக்குளிருக்கு இணங்கவில்லை. அதற்கு எங்கள் வீட்டார் கண்ட மருந்து, காய்கறிச் சூப்பும் கையால் பிசைந்து சுட்ட ரொட்டியுமே.

சூப்புக்குரிய காய்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1819-ஆம் ஆண்டில் கோவை மாவட்டக் கலெக்டர் ஜான் சல்லிவன் இம்மலைக்கு ஏறி வந்தார். அவரும் அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயரும் தம் நாட்டுக் காய்களை இங்கே பயிராக்கினர். இன்றும் சந்தையில் கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் 'இங்கிலீஷ் காய்' என்றே பெயர்.

ஆங்கிலேயர் சூப்பில் பாலேடு சேர்ப்பதுண்டு. எங்கள் வீட்டிலோ சூப்பிலும் பாலில்லை; ரொட்டியிலும் பாலில்லை. காரணம், என் ஆறு வயதுப் பேரன். பாலிலுள்ள புரதத்தை அவன் உடல் பகையாகக் கருதுகிறது. ஒரு துளி தயிர் போதும். மேனியெங்கும் தடித்து, மூச்சுத் திணறிவிடும். "கொஞ்சம் நெய்தானே!" என்பர் உறவினர். நெய்யிலும் அப்புரதம் சிறிது தங்கியிருக்கக்கூடும். "ஆட்டுப்பால் கொடுக்கலாமே!" என்பர். அதன் புரதமும் பசுவின் பாற்புரதத்தை ஒத்ததே. கடை ரொட்டி சிலவற்றிலும் பால்மாவு கலந்திருக்கும்.

ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பது எங்கள் ஊர் வழக்கம். பிள்ளைக்குத் தனித்தட்டு வைத்துவிடலாம் என்று பெரியவர்கள் யோசனை கூறினர். என் மருமகள் அமைதியாகச் சொன்னாள்: "பிள்ளையை ஏன் சஹனை விட்டு எடுக்க வேண்டும், மாமா? பாலை எடுத்துவிடுவோம்."

அன்று தொடங்கியது இந்த ரொட்டி. அரைக்கிலோ கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஏறத்தாழ 320 மில்லி வெதுவெதுப்பான நீர், அவ்வளவே. பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அடுப்பங்கரையில் வைப்பாள். குளிரில் மாவு மெல்லத்தான் எழும்பும். இரண்டு மணி நேரமாவது பொறுத்தல் வேண்டும். பின்னர் உருவமைத்து, மீண்டும் எழும்பவிட்டு, 220 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் சுடுவாள். அடிப்புறத்தைத் தட்டினால் வெற்றுப் பானைபோல் ஒலிக்க வேண்டும். அதுவே வெந்ததற்கு அடையாளம்.

சூப்புக்குப் பாலேட்டின் கொழுமையை உருளைக்கிழங்கும் மைசூர்ப் பருப்பும் தந்துவிடுகின்றன. வெங்காயம், பூண்டு, இஞ்சியை எண்ணெயில் வதக்கி, கேரட், பீன்ஸ், முட்டைக்கோசுடன் அவற்றையும் சேர்த்து வேகவிட்டு, பாதியை மசித்து மிளகு தூவ வேண்டும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. இங்கே நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பானையில் பருப்பு வேகச் சற்றுக் கூடுதல் நேரமாகும்.

வெளியே எதைக் கொடுத்தாலும், "இதில் பால் இருக்கிறதா?" என்று கேட்ட பின்னரே பேரன் கை நீட்டுவான். அந்த வயதில் அக்கேள்வி ஒரு பாரம். வீட்டுச் சஹனில் ரொட்டி வந்ததும் அவன் எதுவும் கேட்பதில்லை. எல்லோருக்கும் முன்னே பிய்த்துச் சூப்பில் தோய்க்கிறான்.

விருந்துக்கு அழைக்கும் அன்பர்களே! வரும் பிள்ளைக்கு எது ஒவ்வாது என்பதை முன்னரே கேட்டறியுங்கள். அக்கேள்வியை அப்பிள்ளை கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.