எண்ணாமல் எழுதிய எண்



கண்டமங்கலத்தில் நம் சபையின் வாலிபத் தம்பி ஒருவர், வணிக மேலாண்மைப் படிப்பின் பயிற்சிக்காக நெய்வேலி சென்றிருந்ததை அறிவீர்கள். 1956-இல் தொடங்கிய அந்தப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது பண்டகசாலைப் பதிவேடு. "போல்ட் எண்ணவா ஐயா இவ்வளவு படித்தேன்?" என்று தொலைபேசியில் வருந்தினார். வேறு பிரிவு கிடைக்கும்படி நானும் அவசரமாய் ஜெபித்தேன்.

சென்ற ஞாயிறு வந்தவர் வேறு செய்தி சொன்னார். நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. பம்புகள் இரவும் பகலும் இறைக்காவிடில் சுரங்கத் தரையைப் பெயர்த்து எழும்பிவிடும். அந்தப் பம்புகளின் உதிரிபாகங்களையே அவர் எண்ணியிருக்கிறார். இதை அறிந்த அன்றே, முன்பு எண்ணாமல் எழுதிவைத்த ஓர் எண்ணை மேலாளரிடம் தாமே ஒப்புக்கொண்டாராம்.

போத்திபாரின் வீட்டில் யோசேப்பு பார்த்த கணக்கைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். என் ஜெபத்தைக் கர்த்தர் கேளாதிருந்ததற்காக அன்றிரவு அவரை ஸ்தோத்திரித்தேன்.