கொழுத்த நகரில் இரண்டு சைவர்கள்

இத்தாலி தேசத்துப் பொலோன்யா நகருக்கு மூன்று பட்டப் பெயர்கள் உண்டு. படித்த நகரம், சிவந்த நகரம், கொழுத்த நகரம் என்று அந்நாட்டார் சொல்லுவார்கள். முதற் பட்டம் 1088-ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கொண்டாடப்படும் அதன் சர்வகலாசாலையால் வந்தது. இரண்டாவது, செங்கற் சுவர்களையும் ஓட்டுக் கூரைகளையும் பார்த்து வைத்த பெயர். 1945 முதல் 1999 வரை இடதுசாரிகளே நகரசபையை ஆண்டு வந்தபடியால் அதற்கு வேறோர் அர்த்தமும் பின்னால் சேர்ந்துகொண்டது. மூன்றாவது பட்டத்துக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுவதையே ஜீவனமாகக் கொண்ட நாங்கள் இருவரும் முதற் பட்டத்தை உத்தேசித்து அங்கே போயிருந்தால் அது பொருத்தமாயிருக்கும். உண்மையில் போனது மூன்றாவதன் பொருட்டுத்தான். பத்துப் பேருக்கு மேற்படாத சிறு கூட்டமாகச் சேர்ந்து, உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, காலை முழுவதும் கால்நடையாக வீதி வீதியாய்ச் சென்று, கடைக்குக் கடை நின்று அவ்வூர் ஆகாரத்தையும் திராட்சை மதுவையும் ருசி பார்க்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. பாலும் முட்டையும் வரை போவோம், அதற்கு அப்பால் போவதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். பன்றி மாமிசத்துக்கே பேர்போன ஊரில் உங்களுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் வழிகாட்டியான பெண்மணியும் அதையே கேட்டார். கேட்டுவிட்டு, "பார்த்துவிடலாம், வாருங்கள்" என்று முன்னால் நடந்தார்.

நடப்பதற்கு அதைப்போல் சுகமான ஊர் வேறு கிடைப்பது அரிது. வீதியின் இரு மருங்கிலும் வீடுகளின் மேல்மாடி முன்னே நீண்டு, தூண்களின் மேல் நிற்கிறது. அதன் அடியில் நடைபாதை. மழையும் வெயிலும் தலையில் படாது. புதிய வீடு கட்டுகிறவன் இப்படித் தாழ்வாரம் விட்டே தீரவேண்டும் என்று 1288-ஆம் வருஷத்திலேயே நகரத்தார் சட்டம் செய்துவிட்டார்கள். இடம் வீட்டுக்காரனுடையது, நடக்கும் உரிமை எல்லோருடையது! நகரம் முழுதும் சேர்த்தால் இந்தத் தாழ்வாரங்கள் சுமார் 62 கிலோமீட்டர் நீளும். நம் ஊர்த் திண்ணைகளை இடித்துத் தள்ளிய புண்ணியவான்களை அங்கே கொண்டுபோய் ஒரு நாள் நடக்கவிட்டால் நல்லது.

ஊரின் நடுவேயுள்ள பெரிய சதுக்கத்தை ஒட்டிப் பழைய கடைவீதி இருக்கிறது. சந்துகளின் பெயர்களே சரித்திரம் சொல்லுகின்றன: மீன்காரர் தெரு, துணிக்காரர் தெரு, பொற்கொல்லர் தெரு, பூட்டுக்காரர் தெரு. முதலில் அழைத்துச் சென்றது மார்ட்டடெல்லா விற்கும் கடைக்கு. பன்றி இறைச்சியை நைய அரைத்து, வெள்ளைக் கொழுப்புத் துண்டுகளைக் கலந்து, உருளையாக அடைத்து வேகவைப்பது அது. தூண் பருமனுக்குக் கூடத் தொங்குகிறது. 1661-ஆம் ஆண்டில் கர்தினால் பார்னீஸ் என்பவர் இதை யார் செய்யலாம், எப்படிச் செய்யவேண்டும் என்று ஓர் ஆக்ஞை பிறப்பித்தாராம். கூட்டத்தார் உள்ளே சென்று ஆனந்தித்துக் கொண்டிருக்க, நாங்கள் வாசலில் நின்று கல்வெட்டைப் படிப்பவர்கள் போல் பாவனை செய்துகொண்டிருந்தோம்.

அடுத்தது பாலாடைக்கட்டிக் கடை. இங்கே எங்களுக்கு வெற்றி என்று நினைத்தோம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற அந்தக் கட்டி வண்டிச் சக்கரம்போல் உருண்டு திரண்டிருக்கிறது. ஒரு சக்கரத்தின் நிறை சுமார் 40 கிலோ. அதற்குச் சுமார் 550 லிட்டர் பால் செலவாகிறது. குறைந்தது 12 மாதம் பலகைமேல் கிடந்து பக்குவப்படவேண்டும். பிறகு பரிசோதகர் ஒருவர் சிறு சுத்தியலால் தட்டி, மிருதங்க வித்வான் வலந்தலையைச் சோதிப்பதுபோல், காதைக் கொடுத்துக் கேட்டு, உள்ளே வெடிப்பு உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லுகிறார். பார்மா, ரெஜ்ஜோ, மொடேனா முதலிய சில ஜில்லாக்களின் எல்லைக்குள் செய்தால்தான் அந்தப் பெயர் செல்லும். 'பார்மெசான்' என்று சுருக்கி வைத்தாலும் அது இந்தப் பெயரையே நினைவூட்டுவதாகும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இல் கூறிவிட்டது. தன் மண்ணின் பெயரை அயலான் வீட்டு மூட்டையில் ஒட்டவிடாத அந்த வைராக்கியத்தை நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தபோதே, வழிகாட்டி மெல்ல இன்னொரு சேதியையும் சொன்னார். பாலை உறையவைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளாம்! எங்களில் ஒருவர் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டார். மற்றவர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டார். யார் எவர் என்பதை வாசகர்கள் ஆராய வேண்டாம்.

மொடேனாவின் காடி மட்டும் எங்களை முழு மனதுடன் வரவேற்றது. திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, வரவரச் சிறியதாகும் மரப்பீப்பாய்களின் வரிசையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி, 12 ஆண்டுகளாவது வைத்திருந்து எடுப்பது. உயர்ந்த ரகத்துக்கு 25 ஆண்டு. பெண் குழந்தை பிறந்தவுடன் ஒரு வரிசைப் பீப்பாய்களைத் தொடங்கி, கலியாணத்தின்போது சீதனமாகக் கொடுப்பது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். ஒரு கரண்டியின் நுனியில் நான்கு சொட்டு விட்டார்கள். புளியங்குழம்பின் அடிமண்டியும் வெல்லப்பாகும் சம்பந்தம் செய்துகொண்டது போலிருந்தது.

பொலோன்யாக்காரர்களின் பக்தி முழுவதும் மாவில் இருக்கிறது. நூறு கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை என்பது கணக்கு. தண்ணீர் சேர்ப்பதில்லை. ஒரு பாட்டியம்மாள் தம் கையளவு நீளமுள்ள குழவியால் மாவைத் தேய்க்கத் தேய்க்க, அது மேஜையை மூடி, விளிம்பில் வேட்டிபோல் தொங்கியது. தூக்கிப் பிடித்தால் ஊருக்கு வெளியே மலைமேலுள்ள சான் லூக்கா கோயில் அதன் வழியே தெரியவேண்டும் என்பது அங்கே வழங்கும் பேச்சு. அதைச் சுருட்டி நாடா நாடாக வெட்டினால் டாலியாடெல்லே. அதன் அகலம் என்ன தெரியுமா? ஊரின் நடுவே 97 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அசினெல்லி கோபுரத்தில் 12,270-இல் ஒரு பங்கு! வெந்தபின் 8 மில்லிமீட்டர். இந்த அளவை 1972-இல் வர்த்தக சங்கத்தில் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்கிறார்கள். பொன்னால் செய்த மாதிரி ஒன்றும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பதிவு அலுவலகத்தில் வீட்டுப் பத்திரத்துக்காகக் காத்திருந்திருக்கிறோம்; சேமியாவுக்காக யாரும் காத்திருந்து பார்த்ததில்லை.

டார்ட்டெல்லினி என்ற சின்னஞ்சிறு பூரணக் கொழுக்கட்டையின் பூரணத்துக்கும் 1974-இல் பத்திரம் ஆயிற்று. பன்றி இறைச்சியில் மூன்று விதம், பார்மிஜானோ, முட்டை, ஜாதிக்காய். அதன் வடிவம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. சத்திரத்தில் வந்து தங்கிய வீனஸ் தேவதையைச் சத்திரக்காரன் சாவித் துவாரத்தின் வழியே பார்த்தானாம். அவன் கண்ணுக்கு அகப்பட்டது நாபி ஒன்றே. ஓடிப்போய் மாவில் அதைச் செய்துவிட்டான். குடும்பப் பத்திரிகையில் இதற்குமேல் விவரிப்பதற்கில்லை.

இந்தக் கொழுக்கட்டையால் 2019-இல் ஒரு பெரிய சர்ச்சை கிளம்பியதை எங்கள் வழிகாட்டி சொன்னார். அக்டோபர் 4-ந் தேதி நகரின் காவல் புனிதரான பெத்ரோனியோவின் திருநாள். சதுக்கத்தில் எல்லோருக்கும் டார்ட்டெல்லினி வழங்குவார்கள். பன்றி உண்ணாதவர்களும் உட்காரட்டுமே என்று, வழக்கமானவற்றோடு கோழிப் பூரணம் வைத்ததும் கொஞ்சம் செய்வதென்று ஏற்பாடாயிற்று. 'வரவேற்பு டார்ட்டெல்லினி' என்று அதற்குப் பெயர். உடனே சால்வீனி என்ற தேசிய அரசியல்வாதி, இது நம் சரித்திரத்தையே அழிப்பதாகும் என்று முழங்கினார். பத்திரிகைகளெல்லாம் இரண்டு கட்சியாயின. வழிகாட்டி எந்தக் கட்சி என்று நாங்கள் கேட்கவில்லை. "என் பாட்டியின் வீட்டில் அந்த வாரம் என்ன இறைச்சி மிஞ்சியிருந்ததோ அதுதான் பூரணம்" என்று மட்டும் அவர் சொன்னார்.

தேசாபிமானம் என்ற சொல்லைக் கேட்டால் மனம் உருகுகிறவர்கள் நாங்கள். ஆயினும் இந்த விஷயத்தில் பாட்டியின் கட்சியே எங்களுக்குச் சரியென்று பட்டது. பண்டத்துக்குப் பத்திரம் எழுதுவது போலிச் சரக்கைத் தடுப்பதற்கு. பக்கத்து இலையில் என்ன பரிமாறுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதற்கு அந்தப் பத்திரம் அதிகாரம் தருவதில்லை. பந்தியில் இவர் உட்காரலாம், இவர் எழுந்திருக்க வேண்டும் என்று வெகு காலம் சட்டம் பேசிய தேசத்திலிருந்து போனவர்களுக்கு இது உடனே விளங்கிவிடுகிறது. அந்தச் சர்வகலாசாலையிலேயே பணியாற்றிய மோந்தனாரி என்ற சரித்திராசிரியர், தக்காளிச் சாறூற்றிய ஸ்பாகெட்டியைப் பற்றி அதே 2019-இல் ஒரு சிறு புஸ்தகம் வெளியிட்டார். இத்தாலியின் அடையாளமென்று உலகம் எண்ணும் அந்தத் தட்டிலுள்ள தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதானே! நம் ரசத்தில் மிதப்பதும் அதே பிரயாணிதான்.

மத்தியான்னம் எங்களுக்கு வந்தது அந்தத் தக்காளிதான். கட்டியைத் தட்டில் வைத்தவருக்குத் தக்காளிச் சாறுடன் டாலியாடெல்லே. விழுங்கியவருக்கு டார்ட்டெல்லோனி என்ற பெரிய கொழுக்கட்டை. இளம் பாலாடையும் கீரையும் வைத்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, மாமிசம் விலக்கும் விரத நாளில் அவர்கள் உண்பது அது. பொலோன்யாவிலும் விரதச் சமையல் என்று ஒன்று உண்டு என்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் வழிகாட்டியே. மற்றவர்களுக்கு மாமிசக் குழம்பு ஊற்றி வந்தது. அதை ஸ்பாகெட்டியின் மேல் ஊற்றுவது வெளிநாட்டார் கட்டிவிட்ட கதை என்று நகரத் தலைவரே 2019-இல் அறிக்கை விடும்படி ஆகிவிட்டதாம். அந்த ஆண்டு அவ்வூருக்கு அடுப்பங்கரை ஆண்டு போலும்.

வழியெல்லாம் புதிதாகத் திறந்த கடைகளின் முன் பிரயாணிகள் வரிசையாக நின்றிருந்தார்கள். உள்ளூர்க்காரர் காய்கறி வாங்கும் கடை ஒவ்வொன்றாகத் தட்டில் இறைச்சி அடுக்கிக் கொடுக்கும் கடையாக மாறிவருகிறது என்று வழிகாட்டி குறைப்பட்டுக்கொண்டார். எங்களைப் போன்றவர்களால்தான் அது என்பதை மரியாதையின் பொருட்டுச் சொல்லாமல் விட்டார்.

கடைசியாக நுழைந்தது 1465 முதல் நடப்பதாகச் சொல்லப்படும் ஓஸ்தெரியா தெல் சோலே என்னும் மதுக்கடை. அங்கே தின்பதற்கு ஒன்றும் விற்பதில்லை. மது மட்டும் வாங்கிக்கொண்டு, அவரவர் கொண்டுவந்த பொட்டலத்தை நீண்ட மரமேஜைகளில் பிரித்துச் சாப்பிடலாம். கூட்டத்தார் சுற்றுக் குன்றுகளில் விளையும் பின்யோலெத்தோ என்ற வெள்ளை மதுவை அருந்தினார்கள். நாங்கள் தண்ணீர்க் குவளையுடன், வழியில் வாங்கிய அரிசிப் பணியாரத்தைப் பிரித்தோம். பாலில் அரிசியை வேகவைத்து, சர்க்கரை, வாதுமை, முட்டை சேர்த்துச் சுட்டு, வைரத்தின் வடிவில் வெட்டியது. பத்து ஆண்டுக்கு ஒரு முறை வீதிகளில் பட்டுத் துணிகளைத் தொங்கவிட்டு ஒவ்வொரு கோயில் வட்டாரத்தாரும் எடுக்கும் திருவிழாவுக்கு உரிய பட்சணமாம்.

எதிரே ஒரு கிழவர் செய்தித்தாளை விரித்து மார்ட்டடெல்லாவை மடித்து மடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கும் ஒரு துண்டு நீட்டினார். வழிகாட்டி அவரிடம் ஏதோ சொன்னார். கிழவர் எங்களை இரக்கத்துடன் நோக்கி, காகிதத்தோடு பொட்டலத்தை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளினார். பிறகு கேளாமலே எங்கள் பணியாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்து, நெடுநேரம் மென்று, தம் தாயார் இன்னும் கொஞ்சம் வாதுமை போடுவாள் என்றார்.