ஆடி மாதத்து ஈஸ்வரி

எங்கள் வீட்டு ரேடியோவை அப்பா வாங்கினார், அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டாள். ஆனாலும் குமிழைத் திருகும் அதிகாரம் ஆயாவிடம்தான் இருந்தது. இலங்கை வானொலியில் சுசீலா பாடினால் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்பாள். டி.எம்.எஸ். என்றால் சத்தத்தைக் கூட்டச் சொல்வாள். ‘பாடியவர் எல்.ஆர்.ஈஸ்வரி’ என்று அறிவிப்பாளர் சொல்லி வாய் மூடுவதற்குள் எழுந்து வந்து டக்கென்று அணைத்துவிடுவாள். “வயசுப் பொண்ணு இருக்கிற வூட்ல இன்னா பாட்டு இது?”

வீட்டில் வயசுப் பெண் என்று இருந்தது என் அத்தை ஒருத்திதான். அணைத்த பாட்டின் மிச்சத்தை அவள் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்தபடி பாடி முடிப்பாள். ஒரு வரி விடாமல் எல்லாம் தெரியும். எங்கே கேட்டாள் என்பது இன்றுவரை மர்மம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அத்திப்பட்டு என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கேஸ் லாரிகளும் நிலக்கரியும். அன்றைக்கு இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் உப்பளம், அதைத் தாண்டினால் கொசஸ்தலை ஆறு கழிமுகமாக விரிந்து கிடக்கும். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் மட்டும் தொலைவில் தெரியும். வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இல்தான் வந்தது, துறைமுகம் 2001-இல். அதே 2001-இல்தான் ‘சிட்டிசன்’ படமும் வந்து எங்கள் ஊர்ப் பெயரைக் கெடுத்தது. அதிலிருந்து “மேப்புல இல்லாத ஊராச்சே அது?” என்று கேட்காத ஆள் இல்லை. அது அத்திப்பட்டி, கற்பனை ஊர். எங்களுடையது அத்திப்பட்டு. சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி லைனில் நந்தியம்பாக்கத்துக்கு முந்தின ஸ்டேஷன். டிக்கெட் கூடக் கொடுப்பார்கள்.

ஆடி பிறந்தால் ஊருக்கு மைக் செட் வந்துவிடும். கூம்பு ஸ்பீக்கர் ஒன்றை வேப்பமரத்திலும் இன்னொன்றை எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பனைமரத்திலும் கட்டுவார்கள். பனைமரத்து ஸ்பீக்கர் நேராக எங்கள் கூரையைப் பார்க்கும். அப்பாவுக்கு அசோக் லேலண்டில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து எண்ணூரிலிருந்து ரயில் பிடித்து வந்து, குளித்து, படுக்கையை விரிப்பார். அந்த நேரம் பார்த்து மாரியம்மனை அழைக்கும் குரல் தலைக்கு மேல் வெடிக்கும். அப்பா பேச்சு வராமல் கூரையை அண்ணாந்து பார்ப்பார். அம்மன் பாட்டை நிறுத்தச் சொல்லிப் போய்ச் சண்டை போட முடியுமா? பஞ்சை உருண்டையாக்கிக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பார்.

அந்தக் குரல் ஆயாவை மட்டும் வேறு ஆளாக்கிவிடும். முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்திருப்பாள். விடிகாலையில் நொய்யைப் போட்டுக் காய்ச்சி, அண்டாவில் துடுப்பைச் சுழற்றிக்கொண்டே ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடுவாள். முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும் தயாராகும்போது உடம்பு ஒரு மாதிரி அசைய ஆரம்பித்திருக்கும். கோயிலுக்குப் போய் கூழை ஊற்றும் நேரத்தில், பம்பை ஒரு பக்கம், மைக் செட் ஒரு பக்கம், அந்தப் பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் ஆயாவுக்குச் சாமி வந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் அதே பாட்டு, அதே இடம். நாங்கள் பிள்ளைகள் அந்த இடம் வருவதற்கு முன்பே ஆயாவின் முகத்தைப் பார்த்துக் காத்திருப்போம்.

மைக் செட்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்துகொள்வதுதான் எங்கள் வயதில் பெரிய பதவி. முள்ளில் சேரும் பஞ்சுத் தூசியை ஊதுவது, பாடி முடித்த தட்டை உறையில் போடுவது, அடுத்த தட்டை எடுத்துக் கொடுப்பது. தட்டின் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும், வரியில் விரல் பட்டால் தலையில் குட்டு விழும். இரவு பூஜை முடிந்ததும் வாலிபப் பசங்கள் வந்து சினிமாப் பாட்டு கேட்பார்கள். அவர் முதலில் பிகு செய்துகொள்வார், பிறகு பெட்டியின் அடியிலிருந்து வேறு தட்டுகளை எடுப்பார். ஒரு நாள் ராத்திரி, ‘பணமா பாசமா’ தட்டை உறையிலிருந்து உருவிக் கொடுக்கும்போது நடுவில் ஒட்டிய வட்டத் தாளை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அப்போதுதான் இங்கிலீஷ் எழுத்து பழகியிருந்த நேரம், எதைக் கண்டாலும் வாசிப்பேன். எல்.ஆர்.ஈஸ்வரி என்றிருந்தது. மாலையில் நானே உறையில் போட்ட அம்மன் தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் எல்.ஆர்.ஈஸ்வரி.

“ரெண்டும் ஒரே ஆளாண்ணா?”

“பின்ன? அந்தம்மா வேதக்காரங்கடா. அவங்க பாடினாத்தான் இங்க ஆத்தாவே எறங்குது” என்றார் அவர், முள்ளைத் தூக்கி வைத்தபடி.

இதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? மறுநாள் ஆயா வெற்றிலை இடிக்கும் நேரம் பார்த்துப் போட்டு உடைத்தேன். நீ அணைக்கிற பாட்டைப் பாடுறவங்கதான் உனக்குச் சாமி வர்ற பாட்டையும் பாடுறவங்க. ஆயா இடிப்பதை நிறுத்தவில்லை. “ஏன்டா புளுகுற?” என்றாள். அத்தை சமையற்கட்டிலிருந்து “ஆமாம்மா, அவங்கதான்” என்றாள். எப்போது கேட்பார்கள் என்று வருஷக்கணக்கில் காத்திருந்த குரல் அது. கிறிஸ்தவர் என்பதையும் நான் சேர்த்துச் சொன்னேன். அதற்குத்தான் ஆயா சிலிர்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். “அதனால இன்னா? பெரியபாளையத்துக்கு யாருதான் வர்ல?” என்று ஒரே வாக்கில் முடித்துவிட்டாள். அவளை அரித்தது மற்றது. அடுத்த தடவை ரேடியோவில் அந்தப் பெயர் வந்தபோது எழுந்தாள், குமிழ் வரைக்கும் போனாள், சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அணைத்ததே இல்லை. “அம்மனை வாயில வெச்சிருக்கிறவ, எதையோ வயித்துப்பாட்டுக்குப் பாடிட்டுப் போறா” என்று அத்தையிடம் காரணமும் சொல்லிக்கொண்டாள்.

ஆயாவின் இந்த மன்னிப்பில் எனக்குப் பின்னாளில் ஒப்புதல் இல்லாமல் போயிற்று. தமிழ்நாடே ஈஸ்வரிக்குக் கொடுத்த மன்னிப்பு அது. ‘கிளப் டான்ஸ் பாட்டு பாடினவர்தான், ஆனால் பக்திப் பாட்டு பாடி நல்ல பேர் எடுத்துவிட்டார்’ என்பார்கள். மன்னிக்கும்படி அவர் என்ன செய்தார்? ‘பணமா பாசமா’வின் இலந்தைப் பழப் பாட்டை எழுதியவர் கண்ணதாசன், இசை கே.வி.மகாதேவன், இயக்கம் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன். மூன்று பேரும் பெரிய மனிதர்கள், அவர்களை எந்த வீட்டிலும் யாரும் அணைக்கவில்லை. பாடிய தொண்டைக்கும், திரையில் வாயசைத்த விஜய நிர்மலாவுக்கும்தான் பட்டப்பெயர். அன்றைய சினிமாவில் குடும்பப் பெண்ணுக்குச் சுசீலா, கிளப்பில் ஆடும் பெண்ணுக்கு ஈஸ்வரி என்று பாகம் பிரித்து வைத்திருந்தார்கள். பிரித்துக் கொடுத்த பாகத்தை அவர் பிரமாதமாகச் செய்தார், அவ்வளவுதான்.

லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற பெயருடன் 1939-இல் பிறந்தவர். அம்மா நிர்மலா சினிமாவில் கோரஸ் பாடியவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்டூடியோவுக்குள் போனார். எம்.எஸ்.ராஜேஸ்வரி ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்ததால் இவர் எல்.ஆர்.ஈஸ்வரி ஆனார். 1958-இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் தனிக்குரலாகப் பாட வைத்தவர் மகாதேவன். 1961-இல் ‘பாசமலர்’ படத்தில் மணப்பெண்ணைத் தோழி கேலி செய்து அழைத்துவரும் பாட்டு. அது இல்லாமல் தமிழ்நாட்டில் கல்யாண வீடு இல்லை என்று ஆனது. ஆயா அந்தப் பாட்டை அணைத்திருந்தால் எங்கள் தெருவில் ஒரு கல்யாணமும் நடந்திருக்காது. அதையும் அவர்தான் பாடினார் என்று ஆயாவுக்குக் கடைசிவரை தெரியாது. நான் சொல்லவில்லை, ஒரு பிள்ளை எத்தனை குண்டுதான் போடுவது?

இன்று உட்கார்ந்து கேட்டால் ஆயாவுக்குச் சாமி வந்த அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று புரிகிறது. பல்லவியைத் தரையில் நின்று பாடுவார். சரணத்தின் கடைசியில் குரலைப் பூசி மெழுகாமல், அடித்தொண்டையிலிருந்து ஒரே வீச்சில் மேலே எறிவார். எறிந்த இடத்தில் ஒரு நொடி மூச்சு அறுபடும். அந்த அறுபடுதலில்தான் கூட்டம் சிலிர்க்கும். அவருடைய அம்மன் பாடல்கள் பலவற்றுக்கு இசையமைத்த குன்னக்குடி வைத்தியநாதன் இந்த இடத்தைத் தெரிந்தே விட்டு வைத்திருப்பார் போலிருக்கிறது, வாத்தியம் சட்டென்று ஒதுங்கி வழி கொடுக்கும். இனி ‘சிவந்த மண்’ணில், 1969, அந்தச் சாட்டையடிப் பாட்டைக் கேளுங்கள். விஸ்வநாதன் இசை. சிவாஜி சாட்டையைச் சொடுக்க, காஞ்சனா ஆடுகிறார். ஒவ்வொரு சொடுக்குக்கும் அடி விழுந்த குரல் சுருங்குகிறது, அடுத்த நொடியே சீறிக்கொண்டு எழுகிறது. அதே வீச்சு, அதே மூச்சு அறுபடுதல். வீட்டில் கூச்சம் தந்த வித்தைதான் கோயிலில் சாமியை இறக்கியது. சிரிப்பு, விக்கல், பெருமூச்சு என்று பாட்டுக்கு வெளியே இருந்த மனித ஓசைகளையெல்லாம் சுருதி பிசகாமல் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். சுத்தமாகப் பாடத் தமிழில் பலர் இருந்தார்கள். இதைச் செய்ய அவர் மட்டும்தான் இருந்தார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் சினிமா ஓசை மாறியது, அழைப்பு குறைந்தது. ஆடி மாதம் மட்டும் அவரைக் கைவிடவில்லை. பிறகு 2011 டிசம்பரில் ‘ஒஸ்தி’ வந்தது. தமன் இசையில், டி.ராஜேந்தரோடு சேர்ந்து, மல்லிகா ஷெராவத் ஆடும் ஒரு குத்துப் பாட்டு. ஈஸ்வரிக்கு அப்போது 72 வயது. எங்கள் வீட்டு டி.வி.யில் அது ஓடியபோது ஆயா இல்லை. அப்பா ஓய்வு பெற்று, பஞ்சு வைக்காத காதோடு ஆடி மாதத்தை அனுபவிக்கப் பழகியிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

“அம்மன் பாட்டு பாடி எவ்ளோ நல்ல பேரு வாங்கினவங்க. இந்த வயசுல இதெல்லாம் தேவையா?”

அம்மா ரிமோட்டைத் தேடி எடுத்தாள். அணைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினாள். “இந்த வயசுல உங்கள மாடி ஏறச் சொன்னா முட்டி வலிக்குதுன்றீங்க. அந்தம்மா மூச்சு வாங்காம பாடுது, பாருங்க” என்றாள். ஆயா காலத்தில் ரேடியோவைத் தொடாமலே வாழ்ந்த மருமகள் அவள். அப்பா செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை அவர் ஒரு பக்கமும் திருப்பவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

அதற்கும் ஒன்பது வருஷம் கழித்து, 80 வயதில், ‘மூக்குத்தி அம்மன்’ படத்தில் ஆடி மாதத்துக்கென்றே ஒரு குத்துப் பாட்டு பாடினார். குத்து, அம்மன் இரண்டும் ஒரே தட்டில். எங்கள் ஊரில் இப்போது தட்டும் இல்லை, பனைமரமும் இல்லை. கரி லாரியும் கன்டெய்னரும் ஓடும் சாலையோரத்தில் பெட்டி ஸ்பீக்கர் அடுக்கி, செல்போனிலிருந்து பாட்டு விடுகிறார்கள். ஆடி முழுக்க அவர் குரல்தான்.

படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். 1972-இல் வந்த இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வசந்த மாளிகை’யில் டி.எம்.எஸ்.ஸோடு அவர் பாடும் குடிப் பாட்டையும், ‘வெள்ளி விழா’வில் வி.குமார் இசையில் தூங்கும் ஒருவரை எழுப்பிவிடாத அளவுக்குத் தாழ்ந்த குரலில் பாடும் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னதை அணைத்துவிட்டுப் பின்னதை மட்டும் வைத்துக்கொள்ள மனம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நீங்கள் ஆயா கட்சி. நான் அம்மா கட்சி. இதில் அரசியல் எதுவும் இல்லை.