இதில் மீன் எங்கே?

போன மழைக்காலத்தில் ஒரு கவிதை எழுதினேன். விமர்சனம் எழுதுகிறவன் கவிதை எழுதுவது, வட்டிக்கடைக்காரன் கடன் கேட்டுப் போவது மாதிரி. இருந்தும் எழுதினேன். நார்வேயின் சால்மன் பண்ணைகளில் பேன் பொறுக்குவதற்காக விடப்படும் மீன்களைப் பற்றிப் படித்த நாலாம் நாள் அது. இருபத்தோரு வரிகள். கடைசி வரியில் மீன் ஒரு பாங்கு குமாஸ்தா ஆகிவிடும்.

நண்பர் ஒருவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, 'இதில் மீன் எங்கே ஸார்?' என்றார். முழுக்க மீன்தானே என்றேன். 'முழுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்' என்றார். கோபம் வந்தது. பத்து வருஷமாகப் பிறர் கவிதைகளைப் பற்றி நான் சொல்லிவருவதும் இதையேதான் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

அதற்கப்புறம்தான் மீனைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்க என்றால் படிக்க. நான் நார்வேக்குப் போனவனில்லை, சால்மனைத் தின்றவனும் இல்லை.

விஷயம் இதுதான். கடலில் வலைக்கூண்டுகளில் சால்மனை நெருக்கி வளர்க்கிறார்கள். ஒரு கூண்டில் 2 லட்சம் வரை வைத்துக்கொள்ள நார்வேயின் விதிகள் இடம் தருகின்றன. இப்படி வளர்த்தால் பேன் பற்றும். பேன் என்பது பேச்சுக்குத்தான். இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த ஒட்டுண்ணி, சால்மனின் தோலையும் கோழையையும் ரத்தத்தையும் தின்று வாழ்வது. மருந்து போட்டார்கள். பேன் மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1980களின் பிற்பகுதியில் ஆஸ்முண்ட் பியோர்டால் என்ற நார்வே ஆராய்ச்சியாளர், ராஸ் எனப்படும் பாறை மீன்கள் சால்மனின் உடம்பிலிருந்து பேனைப் பொறுக்கித் தின்பதைச் சோதித்துக் காட்டினார். பிறகு ராஸைக் கடலிலிருந்து பிடித்துக் கூண்டுகளில் கொட்டினார்கள். போதாமல் லம்ப் என்ற இன்னொரு மீனைக் குஞ்சு பொரிப்பகங்களில் உற்பத்தி செய்தார்கள். 2019-இல் நார்வேயின் கூண்டுகளில் விடப்பட்ட இந்த மீன்கள் ஏறத்தாழ 6 கோடி. பிந்திய வருஷங்களில் குறைந்திருக்கிறது என்றாலும் இன்னும் கோடிக்கணக்கில்தான்.

இந்த லம்ப் மீனைத்தான் என் கவிதையில் 'சின்னஞ்சிறு வெள்ளி ஊழியன்' என்று எழுதியிருந்தேன். அது வெள்ளியாக இல்லை. உருண்டையாக, செதிலில்லாமல், உடம்பெங்கும் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. மற்ற மீன்களுக்கு உள்ள காற்றுப்பை இதற்குக் கிடையாது. நன்றாக நீந்தவும் வராது. வயிற்றில் ஓர் ஒட்டுவட்டம். அதைப் பாறையிலோ கடற்பாசியிலோ பதித்துக்கொண்டு சும்மா இருக்கும். முட்டையிட்டதும் பெண் போய்விடும். ஆண் வாரக்கணக்கில் அங்கேயே ஒட்டிக்கொண்டு, முட்டைகளுக்குத் தண்ணீர் விசிறியபடி காவல் இருக்கும். ஒட்டிக்கொண்டு இருப்பதே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு ஜீவனை, ஓயாமல் நீந்தும் சால்மனுக்கு நடுவே, ஒட்டுவதற்குப் பாறையில்லாத நீரோட்டத்தில் விடுகிறார்கள். பாவம் பார்த்து பிளாஸ்டிக்கில் கடற்பாசி செய்து தொங்கவிடவும் செய்கிறார்கள். கொடுமை என்று இதை ஒரேயடியாகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிளாஸ்டிக்கை வெட்டித் தொங்கவிட்ட யாரோ ஒருவர், இது எங்கே படுக்கும் என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கிறாரே.

இத்தனைக்கும் பிறகு பேன் முழுக்கத் தொலைவதில்லை. சால்மனை வெந்நீரில் முக்கியெடுக்கும் இயந்திரங்கள் வருகின்றன. அதற்கு முன் பேன் பொறுக்கிகளைப் பிடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். பிடிபடாதவை சால்மனோடு சேர்ந்து உள்ளே போகும்.

2018லும் 2019லும் நார்வேயின் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் நாடு முழுவதும் பண்ணைகளைச் சோதித்து, 2020-இல் அறிக்கை தந்தார்கள். பண்ணைகளின் இறப்புக் கணக்கை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண் 42 சதவிகிதம். மீதி 58 பிழைத்தது என்று அர்த்தமில்லை. செத்த சிறு மீன்கள் எண்ணப்படுவதற்குள் அழுகிப்போகின்றன. எத்தனையோ கணக்கிலேயே வருவதில்லை. கடைசிவரை தாக்குப்பிடித்தவையும் சால்மன் அறுவடையோடு கொல்லப்படும்.

என்னை உலுக்கியது சாவு கூட அல்ல, இந்தக் கணக்குதான். பழைய கிளை ஒன்றில் ஒரு நாள் கேஷில் 500 ரூபாய் குறைந்தது. ராத்திரி ஒன்பது மணி வரை கட்டுகளைப் பிரித்துப் பிரித்து எண்ணினேன். மானேஜர் எதிரே உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் கையிலிருந்து போட்டுத்தான் டாலி செய்தேன். உள்ளே போனதை ஒன்று விடாமல் எண்ணிவிட்டு, வெளியே வருவது பாதியானாலும் பேரேட்டை மூடிவிட முடிகிற ஒரு தொழில் இருக்கிறது என்பதை என் புத்தி ஏற்க மறுத்தது.

2010-இல் நடைமுறைக்கு வந்த நார்வேயின் பிராணிநலச் சட்டம், மனிதனுக்கு என்ன உபயோகம் என்பதற்கு அப்பாற்பட்டு ஒவ்வொரு பிராணிக்கும் தன்னளவில் மதிப்பு உண்டு என்கிறது. மீனும் அதில் அடக்கம். ஆனால் தொழிலில் இவற்றுக்கு வழங்கும் பெயரே உபயோகம்தான்: துப்புரவு மீன். நானும் அதைத்தானே செய்தேன்? சால்மன்காரன் பேன் பொறுக்க வைத்தான். நான் என் சுயபச்சாதாபத்தைப் பொறுக்க வைத்தேன். துப்புரவு என்ற சொல்லைக்கூட நான் விடவில்லை. எங்கள் கிளையைப் பெருக்கித் துடைக்கும் அம்மாள் காலை எட்டு மணிக்கு வருகிறவள், ஒப்பந்தச் சம்பளம். பத்து மணிக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்காருகிற நான், அந்தச் சொல்லைக் கவிதையில் என் மேல் எடுத்துப் போர்த்திக்கொண்டேன். என்ன யோக்கியதையில் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் லேசில் விடுகிறவரில்லை. 'உங்களை ஞாபகப்படுத்தியிருக்காவிட்டால் அந்தச் செய்தியைப் பாதியில் விட்டிருப்பீர்களே ஸார்' என்றார். உண்மைதான். படிமத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு நேராக மீனிடம் போய்ச் சேரலாம் என்றால், அங்கே என்னைக் கொண்டுபோய் விட்டதே அந்த மட்டமான படிமம்தான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தப் பக்கங்களில் எழுதுகிற யாரிடமாவது இருந்தால் எழுதட்டும்.

கவிதையை ஆசிரியரிடம் திருப்பிக் கேட்டேன். அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்துக்கு வேறு ஏதாவது கொடுத்துவிட்டு வாங்கிப் போகலாம் என்றார்.