கோடுகளுக்கும் நீதி வேண்டும்

பன்னிரண்டு வயதில் நான் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தேன். எங்கள் தெருவில் எடை குறைத்து விற்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். சாய்ந்த தராசின் அருகே அவரை நிறுத்தி, அவருடைய கூன் முதுகை மலைபோல் பெரிதாக்கியிருந்தேன். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படம் வாப்பாவின் கைக்குப் போயிற்று. "தராசை வரைந்தது சரி, அது அவர் செய்த குற்றம். முதுகை ஏன் வரைந்தாய்? அதை அவரா செய்தார்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியின் ஆழம், பல ஆண்டுகள் கழித்துத் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியரைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

1840இல் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே நியூயார்க் வந்து சேர்ந்தவர் நாஸ்ட். 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' வார இதழில் வரைந்தார். அந்நாளில் நியூயார்க் அரசியலை ஆட்டிப் படைத்தவர் வில்லியம் ட்வீட். அவரும் அவருடைய கூட்டாளிகளும் நகரக் கருவூலத்தைச் சூறையாடினர். 1871இல் நாஸ்ட், ட்வீடின் பருத்த உடல்மீது தலைக்குப் பதிலாகப் பணமூட்டையை வைத்து வரைந்தார். பத்திரிகைச் செய்தியைத் தம் ஆதரவாளர்களுக்குப் படிக்கத் தெரியாது, படத்தைப் பார்க்காமலிருக்க அவர்களால் முடியாதே என்று ட்வீட் புலம்பியதாகச் சொல்வார்கள். 1873இல் அவர் தண்டிக்கப்பட்டார். 1875இல் காவலிலிருந்து தப்பி, அடுத்த ஆண்டு ஸ்பெயினில் பிடிபட்டார். அவரை அடையாளம் காட்டியது நாஸ்டின் சித்திரமே என்பர். 1878இல் சிறையிலேயே இறந்தார்.

இதுவரை எழுதுகோலின் வெற்றி. இனி மறுபக்கம்.

அதே 1871இல், அதே கை, 'அமெரிக்கக் கங்கை நதி' என்றொரு படத்தை வரைந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் தரலாமா என்ற விவாதம் அப்போது நடந்துகொண்டிருந்தது. நியாயமாக விவாதிக்க வேண்டிய பொருள்தான். ஆனால் நாஸ்ட் வாதத்தை வரையவில்லை. ஆயர்களின் உயர்ந்த தொப்பிகளைப் பல் நிறைந்த வாய்களாக்கி, அவர்களை முதலைகளாகக் கரையேற்றி, குழந்தைகளை விழுங்க வருவதாகக் காட்டினார். ஐரிஷ் ஏழைகளைக் குரங்கு முகத்துடன் பலமுறை வரைந்தவரும் அவரே. கங்கை என்ற பெயரும் இந்திய மக்களைப் பற்றி மேற்கில் உலவிய ஓர் இழிந்த கற்பனையிலிருந்து எடுத்ததுதான்.

அவர் கொடியவரா? இல்லை. 1869இல் எல்லா இனத்தாரையும் ஒரே விருந்து மேசையில் அமர்த்தி வரைந்தவர் அவர். நல்லவர் கையும் சறுக்கும் என்பதே இங்கே பாடம். பணமூட்டை, ஒரு மனிதர் செய்த செயல். தொப்பியோ, ஒரு சமுதாயம் அணியும் உடை.

தாடியும் தொப்பியும் குற்றத்தின் சின்னமாக வரையப்படும்போது நம் உள்ளம் துடிக்கிறது; துடிப்பது நியாயமே. ஆனால் பிறர் உடையையும் பேச்சையும் நம் கல்யாண வீடுகளில் யாரேனும் நடித்துக் காட்டும்போது, நாம் என்ன செய்கிறோம்?

அந்தக் கடைக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை. அவர் மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் பிள்ளை ஒரு கேலிப்படத்தைக் கொண்டுவந்து காட்டினால் கிழித்துப் போடாதீர்கள். தராசு எது, முதுகு எது என்று மட்டும் கேளுங்கள்.